சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களை ஏன் தேடிப் போகிறார்கள்?

கல்யாண வீட்டில் சாப்பிட்ட ஐம்பது பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று செய்தி வந்தால், அடுத்த வரி பெரும்பாலும் ‘சாம்பாரில் பல்லி கிடந்ததாகக் கூறப்படுகிறது’ என்றுதான் இருக்கும். பாவம் பல்லி. நம் வீட்டுச் சுவரில் திரியும் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கொதிக்கிற சாம்பாரில் விழுந்தால் பல்லியோடு கிருமியும் செத்துப்போகும். பல்லி கிடந்தது என்று கேள்விப்பட்டதுமே பந்தியில் பாதிப் பேருக்குக் குமட்டும் என்பது வேறு விஷயம்.

சரி, அப்படியானால் எது காரணம் என்று சுகாதாரத் துறையினர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? லேபுக்கு அனுப்பினால் தெரிந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். லேப் முடிவு வர நாளாகும். வந்தாலும் பல நேரம் ‘கிருமி எதுவும் இல்லை’ என்று வரும். விசாரணையில் முக்கால்வாசி நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. அதிலும் வெளியே அதிகம் தெரியாத பகுதி, நோய் வராதவர்களிடம் போய்க் கேள்வி கேட்பது. பெரிய பந்திகளும் தண்ணீர்ப் பஞ்சமும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உள்ள செட்டிநாட்டில் இதை வைத்துப் பார்த்தால் விஷயம் நன்றாகப் பிடிபடும்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். ஊரும் கல்யாணமும் எண்களும் கற்பனை. விசாரிக்கிற முறை நிஜம். மதியச் சாப்பாடு மூன்று பந்தி. முதல் பந்தி பதினொன்றரைக்கு, கடைசிப் பந்தி இரண்டு மணிக்கு. நாலு மணிக்கு ஒருவர் வாந்தி எடுக்கிறார். எட்டு மணிக்குள் ஆரம்ப சுகாதார நிலைய வராந்தாவில் பாய் விரிக்க இடமில்லை. வட்டார மருத்துவ அலுவலர் வருகிறார், சுகாதார ஆய்வாளர் வருகிறார், கிராம சுகாதாரச் செவிலியர் ஓஆர்எஸ் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கலக்கிக்கொண்டிருக்கிறார். சிகிச்சை ஒரு பக்கம் நடக்கும்போதே இன்னொரு பக்கம் விசாரணை தொடங்கிவிட வேண்டும். விடிந்தால் விருந்தாளிகளில் பாதிப் பேர் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் கிளம்பிவிடுவார்கள். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார்கள்.

முதலில் யாரை ‘நோயாளி’ என்று எண்ணுவது என முடிவு செய்கிறார்கள். ‘அன்று மதியம் அந்த வீட்டில் சாப்பிட்டு, நள்ளிரவுக்குள் வாந்தி எடுத்தவர், அல்லது மூன்று தடவைக்கு மேல் பேதியானவர்’ என்று ஒரு வரையறை. ஆள், இடம், காலம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கேட்க அற்ப விஷயமாகத் தெரியும். ஆனால் இது இல்லாவிட்டால் பயத்தில் வயிறு கலங்கியவரும் பட்டியலில் சேர்வார். வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் வாந்தி எடுத்துவிட்டுப் படுத்தவர் விடுபட்டுப் போவார்.

அப்புறம் யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல். நம் ஊர்களில் இதற்கு மொய் நோட்டைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஊர், பெயர், விலாசம் எல்லாம் வரிசையாக இருக்கும். குடும்பத்துக்கு ஒரு பெயர்தான் எழுதியிருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு பெயருக்கும் போன் போட்டு ‘கூட யார் வந்தது’ என்று விரிக்க வேண்டும். மொய் எழுதாதவர்களும் இருக்கிறார்கள்: நாதஸ்வரக்காரர்கள், கார் டிரைவர்கள், பந்தி பரிமாறியவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள். இவர்களை மறந்துவிட்டு எழுதும் அறிக்கைகளும் உண்டு. சமையல்கட்டில் நடந்ததெல்லாம் தெரிந்தவர்கள் இவர்கள்தான் என்பதால் அது பெரிய இழப்பு.

பிறகு வளவில் திண்ணையோரம் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள்.

“ஆச்சி, எத்தனாவது பந்தியில உக்காந்தீக?”

“மூணாவதுதான் ஆத்தா. முதப் பந்தியில எடமில்ல.”

“என்னென்ன சாப்பிட்டீக?”

“எல்லாந்தான். பால் பணியாரம் மட்டும் தொடலை. எனக்குத்தான் சக்கரை இருக்குல்ல. எனக்கு ஒண்ணும் இல்லயே, என்னய எதுக்குக் கேக்குற? அங்க படுத்துக் கெடக்குறாகளே, அவுகளப் போய்க் கேளு.”

அந்த ஆச்சி சொன்ன ஒரு வரி, படுத்துக் கிடப்பவர்கள் பத்துப் பேர் சொன்னதைவிடப் பெறுமதியானது. எப்படி என்பதை எண்ணில் பார்ப்போம்.

மொத்தம் 200 பேரை விசாரித்ததில் 76 பேர் நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 76 பேரில் சாம்பார் சாப்பிட்டவர்கள் 72 பேர். பால் பணியாரம் சாப்பிட்டவர்களும் 72 பேர். நோயாளிகளை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தால் சாம்பாரும் பணியாரமும் ஒரே அளவு குற்றவாளிகள். பல்லிக் கதை பிறப்பதும் இங்கேதான்: ‘வாந்தி எடுத்த எல்லாரும் சாம்பார் சாப்பிட்டிருக்காங்க சார்!’

இப்போது நன்றாக இருக்கும் 124 பேரையும் கேட்கிறோம். அவர்களில் 118 பேர் சாம்பார் சாப்பிட்டிருக்கிறார்கள். பணியாரம் சாப்பிட்டவர்கள் 48 பேர்தான். ஆகச் சாம்பார் சாப்பிட்ட 190 பேரில் 72 பேருக்கு, அதாவது 38 சதவீதம் பேருக்கு நோய். சாம்பார் தொடாத 10 பேரில் 4 பேருக்கு, அதாவது 40 சதவீதம் பேருக்கு நோய். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். பணியாரத்தில் கணக்கு வேறு மாதிரி: சாப்பிட்ட 120 பேரில் 72 பேர், 60 சதவீதம். சாப்பிடாத 80 பேரில் 4 பேர், 5 சதவீதம். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். சாம்பாரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது நோயில்லாதவர்களின் சாட்சியம்.

பணியாரம் சாப்பிட்டும் தப்பிய அந்த 48 பேர் யார் என்று மேலும் ஒரு படி தோண்டினால் இன்னும் தெளியும். பந்திக்கு 40 பேர் வீதம் பணியாரம் சாப்பிட்டதாகக் கொள்வோம். முதல் பந்தியில் 10 பேருக்கு நோய், இரண்டாவதில் 26, மூன்றாவதில் 36. அதே பாத்திரம்தான், நேரம் ஆக ஆக மோசமாகியிருக்கிறது. சமைத்து முடித்த, பணியாரம் ஊறும் இனிப்புப் பாலை மூடிபோட்டு அடுப்படி வெக்கையில் வைத்திருக்கிறார்கள், அதில் ஏதோ பெருகியிருக்கிறது என்று ஊகிக்கலாம். சாப்பாட்டுக்கே வராமல், பொட்டலம் கட்டிக்கொண்டு போன பணியாரத்தை வீட்டில் தின்று வாந்தி எடுத்த ஒருவர் கிடைத்துவிட்டால், சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது.

கடிகாரமும் இதில் ஒரு சாட்சி. யாருக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மணிக்கொரு பட்டையாக வரைகிறார்கள். சாப்பிட்டு இரண்டிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்திருந்தால், உணவிலேயே நச்சைச் சுரந்து வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், பேசில்லஸ் சீரியஸ் போன்ற பாக்டீரியாக்களின் மேல் சந்தேகம் போகும். சால்மோனெல்லாவாக இருந்தால் பெரும்பாலும் அரை நாளாவது ஆகும், காய்ச்சலும் சேர்ந்து வரும். லேப் முடிவு வராமலேயே இவ்வளவு சொல்லிவிடலாம்.

அடுத்து சமையல்காரர்களிடம் போகிறார்கள். கையில் சீழ்ப்புண் உண்டா, தேங்காய்ப்பாலை யார் பிழிந்தது, எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், மறுபடி சுட வைத்தீர்களா? ஸ்டஃபைலோகாக்கஸ் விட்டுப்போகும் நச்சு சூட்டுக்கு அசையாது, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும். அந்தக் கிருமி மூன்றில் ஒருவர் மூக்கில் சாதாரணமாகவே குடியிருப்பது. ஆகவே சமையல் மாஸ்டரின் மூக்கில் கிடைத்தது என்பதற்காக அவரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. என் கருத்தில் இந்த விசாரணைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஊரில் நாலு பேர் சேர்ந்து ‘போலீசைக் கூப்பிடு’ என்று சமையல்காரரைச் சூழ்ந்துவிட்டால் அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவிவிட்டுத்தான் பேசவே தொடங்குவார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து சேரும்போது மாதிரி எடுக்க ஒன்றும் இருக்காது.

பந்தியில் வந்த நோய் அன்று மாலையே தெரிந்துவிடும். தண்ணீரில் வருவது அப்படியில்லை.

செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, சுற்றுச்சுவர் கட்டி, குளிக்கவும் மாடு இறக்கவும் விடாமல் காத்தது வறண்ட பூமியின் புத்தி. கூரையில் விழும் மழையை முற்றத்தில் இறக்கிப் பிடித்ததும் அதே காரணத்தால்தான். இன்று அதோடு ஆழ்துளைக் கிணறு, காவிரி கூட்டுக் குடிநீர், டிராக்டர் தண்ணீர், கேன் தண்ணீர் என்று ஒரே தெருவில் நாலு வகை ஓடுகிறது. நோய் விசாரிக்கிறவருக்கு இது தலைவலியும்தான், வசதியும்தான். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் வெவ்வேறு தண்ணீர் குடித்தால் எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இந்த முறைக்கு மூத்த உதாரணம் 1854இல் லண்டனில் நடந்தது. பிராட் தெருக் குழாயடியைச் சுற்றிக் காலராவில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளைத் தெருப்படத்தில் குறித்தார் என்று எல்லாரும் சொல்வோம். அவர் சாகாதவர்களைப் பற்றியும் விசாரித்தார். பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் இறந்தது 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் மது வடிக்கும் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் அந்தக் குழாய்ப் பக்கமே போனதில்லை. பழி குழாய்மேல் விழுந்தது இவர்களையும் சேர்த்துப் பார்த்ததால்தான்.

மஞ்சள் காமாலை வந்தால் விசாரணை இன்னும் கஷ்டம். காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடம்புக்குள் போய்க் கண் மஞ்சளாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஹெபடைடிஸ் ஈ இரண்டு வாரத்திலிருந்து பத்து வாரம் வரைகூட எடுத்துக்கொள்ளும். ஆக இன்று தொட்டியில் எடுத்த தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்பதால் தண்ணீர் நிரபராதி ஆகிவிடாது. போன மாதம் எந்த வாரம் பைப் உடைந்தது, எந்த நாளில் தண்ணீர் கலங்கி வந்தது, சாக்கடையில் எங்கே தோண்டினார்கள் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இதற்கு டேங்க் ஆபரேட்டரும் பைப் லைன் பிட்டரும் நல்ல சாட்சிகள், அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கேட்டால்.

1955-56இல் டெல்லியில் நடந்தது இந்தத் துறையில் எல்லாரும் படிக்கிற பாடம். யமுனையில் சாக்கடை நீர் கலந்து குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டோ சீதபேதியோ பெருகவில்லை. ஆனால் சில வாரம் கழித்து 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை. பாக்டீரியாவைக் கொன்ற அளவு குளோரின் வைரசுக்குப் போதவில்லை. அது ஹெபடைடிஸ் ஈ வகை என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

நம் தெருக்களில் கவனிக்க வேண்டிய இடம் வீட்டு வாசலில் தோண்டிய குழி. அழுத்தம் போதாமல் தண்ணீர் மேலேறாது என்று தரைமட்டத்துக்குக் கீழே குழி வெட்டிக் குழாயை இறக்கியிருப்பார்கள். தண்ணீர் வருவது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பைப் காலி. காலி பைப் குழியில் தேங்கியதை உள்ளே இழுக்கும். யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம், எங்கே கசிவு இருக்கிறதோ அங்கே சாக்கடையும் சேர்ந்து வரும். ஆய்வாளர்கள் குளோரின் இருக்கிறதா என்று தொட்டிக்கு அடியில் மட்டும் பார்க்காமல், கடைசி வீட்டுக் குழாயில் பார்ப்பது அதனால்தான். தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து மருந்து சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசி வீடு வரை மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. நிறமே வராவிட்டால் பிளீச்சிங் பவுடர் மூட்டை எத்தனை மாதமாக ஈரத்தில் கிடக்கிறது என்று கேட்பார்கள். திறந்து வைத்த பவுடரில் குளோரின் பறந்துவிட்டிருக்கும்.

அடுத்தது டெங்கு. இங்கே நோய் வராத ஆட்களைவிடக் கணக்கில் வராத வீடுகள்தான் பிரச்சினை.

டெங்கு உறுதியானதும் நோயாளி வீட்டைச் சுற்றித் தேடுகிறார்கள், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாக நூறு இருநூறு மீட்டருக்கு மேல் போகாது. அது பகலில் கடிப்பது; ஆகவே நோயாளி பகலில் எங்கே இருந்தார் என்பதும் முக்கியம். பள்ளிக்கூடமா, மளிகைக் கடையா, மில்லா? கடித்து நாலிலிருந்து பத்து நாளில் காய்ச்சல் வரும் என்பதால் இரண்டு வாரத்துக்கு முன்பு வரை கேட்பார்கள். சென்னையிலிருந்து காய்ச்சலோடு யாராவது வந்தார்களா என்றும் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனையில்கூட நாள் கணக்கு உண்டு: காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை, அதற்குப் பிறகு உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை. நாள் தெரியாமல் தப்பான சோதனை செய்தால் டெங்கு ‘இல்லை’ என்று வந்துவிடும்.

கொசுப் புழு தேடும் பணியாளர்கள் நூறு வீட்டில் எத்தனை பாத்திரங்களில் புழு இருக்கிறது என்று ஒரு குறியீடு போடுவார்கள். மற்ற ஊர்களில் இது ஓரளவு நம்பக்கூடியது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரு தெருவில் எத்தனை வீடு பூட்டியிருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். சாவி காவல் பார்ப்பவரிடம், அவர் வெளியே போயிருப்பார். உள்ளே முற்றத்தில் தகரத் தாழ்வாரத்தில் சருகு அடைத்து மழைத்தண்ணீர் நிற்கும். அதற்குக் கீழே வைத்த அண்டா, கிடாரம், உடைந்த பீங்கான் ஜாடி, எறும்பு ஏறாமல் அலமாரிக் காலுக்கடியில் வைத்த கிண்ணம், புழங்காத கழிவறைக் கோப்பை. எல்லாம் ஏடிஸுக்குப் பிடித்த இடங்கள். முட்டை காய்ந்த பாத்திரச் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த மழைக்குப் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

பூட்டிய வீட்டை ‘பூட்டியது’ என்று எழுதிவிட்டு, திறந்திருந்த வீடுகளை மட்டும் வைத்துக் குறியீடு போட்டால் எண் அழகாகக் குறைந்து நிற்கும். ஊரிலேயே பெரிய தொட்டிகள் கணக்குக்கு வெளியே. அனுபவப்பட்ட ஆய்வாளர் அந்தப் பட்டியலைத் தனியாக எடுத்து, காவல்காரரைப் பிடித்து, வாட்சாப்பில் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லவைத்துத் திறந்து பார்ப்பார். அதிகாரம் இல்லாமல் இல்லை. பொதுச் சுகாதாரத்துக்கென்று சென்னை மாகாணத்தில் 1939இலேயே சட்டம் வந்துவிட்டது, கொசு ஒழிப்புக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. ஆனால் சட்டத்தைக் காட்டுவதைவிட, பக்கத்து வீட்டு ஆச்சியை விட்டுப் பேசச் சொன்னால் சாவி சீக்கிரம் வரும். தெருவில் புகை அடிப்பதைப் பற்றி என்ன சொல்ல? மக்களுக்கு அது கண்ணுக்குத் தெரிகிறது, ஏதோ செய்கிறார்கள் என்ற திருப்தி. பறக்கும் கொசுவில் சிலது சாகும். பூட்டிய வீட்டு அண்டாவுக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

அம்மை போட்டிருக்கும் வீட்டில் வேறு வகைப் பக்குவம் வேண்டும். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். பட்டியலில் அந்த வீடே இருக்காது. கிராம சுகாதாரச் செவிலியர் அந்த வேப்பிலையையே தகவலாக எடுத்துக்கொண்டு, ஆத்தாவோடு வாதம் பண்ணாமல், பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா, தட்டம்மையா சின்னம்மையா என்று வாசலில் நின்றே விசாரித்துவிடுவார்.

இவ்வளவுக்கும் முன்னால், பரவல் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், களப் பணியாளர் பார்த்தது, மருத்துவர் சந்தேகித்தது, லேப் உறுதிசெய்தது என்று மூன்று வகையாகத் தகவல் போகிறது. 2021 முதல் இது இணையத்திலேயே ஏறுகிறது. போன வருடம் இதே வாரத்தில் எத்தனை என்று ஒப்பிடுகிறார்கள். புதிதாக ஒரு பரிசோதனைக் கிட் வந்ததாலோ, சுறுசுறுப்பான டாக்டர் ஒருவர் மாற்றலாகி வந்ததாலோ எண்ணிக்கை ஏறுவதும் உண்டு. நோய் அப்படியேதான் இருக்கும், எழுதுவது கூடியிருக்கும். மறுபக்கம், கம்ப்யூட்டரில் ஏறுவதற்கு முன்பே மெடிக்கல் ஷாப்பில் பேதி மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஒரு போனில் விஷயம் வந்துவிடுவதும் நடக்கிறது.

விசாரணைக்கு யாராவது வந்தால் ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அவசரப்பட்டு எதையும் சுத்தம் செய்யாமல் இருப்பது. மிஞ்சிய சாப்பாட்டை மூடி ஃபிரிஜ்ஜில் வைக்கலாம், யாரும் தின்றுவிடாமல். பேதி என்று தெரிந்ததும் பயந்துபோய்த் தொட்டியில் அள்ளி அள்ளி பிளீச்சிங் பவுடர் கொட்டுவது வழக்கம். கொட்டத்தான் வேண்டும், அதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் விட்டால் போதும். லேபிலிருந்து வரும் அந்தப் பாட்டிலுக்குள் கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் ஏற்கெனவே போட்டிருக்கும். தண்ணீரில் உள்ள குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடாமல் அது தடுக்கும். அழுக்கு என்று நினைத்து அதைக் கழுவிவிட்டுப் பிடிக்கக் கூடாது. நிரப்பிய பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து, எடுத்த நேரத்தையும் எந்தக் குழாய் என்பதையும் மேலே எழுதி, அன்றே அனுப்பிவிட வேண்டும்.